மேகமூட்டத்தில் மஞ்சளாகும் பவ்சான் நெல்: டானிக் தெளிக்கலாமா?

கேள்வி: மியான்மரில் துவாண்டேயை அடுத்த சிற்றூரில் ஆறு ஏக்கரில் பவ்சான் ரக நெல் நட்டிருக்கிறேன். அரையடி இடைவெளியில் நெருக்கமாக நட்டு நாற்பது நாள் ஆகிறது. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவும் இட்டாயிற்று. மூன்று வாரமாக வெயிலே இல்லை. மேல் இலைகள் கரும்பச்சையாகத் தொங்குகின்றன, அடி இலைகள் மஞ்சளாகின்றன. வெயில் இல்லாமலேயே பயிர் உணவு தயாரிக்க உதவும் என்று சொல்லி மருந்துக் கடைக்காரர் ஒரு டானிக்கைக் கொடுத்தார். இரண்டு முறை தெளித்தும் பயனில்லை. மூன்றாவது முறை தெளிப்பதா, இன்னொரு மூட்டை யூரியா இடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, விழுகிற ஒளி உங்கள் வயலில் எந்த இலை வரைக்கும் இறங்குகிறது என்பதே.

அந்த டானிக்கைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். பச்சையம் ஒளியை வாங்கியதும் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்புகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத் தண்ணீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தில் உண்டாகும் ஏடிபி முதலிய ஆற்றல் பொருள்களைக் கொண்டே கரியமில வாயு சர்க்கரையாகிறது. இதன் முதல் படியே ஒளிதான், அதற்கு மாற்று கிடையாது. ஏக்கருக்கு 1,500 கிலோ நெல் விளைந்தால் அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. அவ்வளவையும் இலை ஒளியால்தான் கட்டியாக வேண்டும், ஒரு லிட்டர் புட்டியில் அது அடங்காது. வெயிலுக்குப் பதில் இது என்று புட்டியை நீட்டுபவர் உங்கள் பணத்தைப் பறிக்கிறார். அவரிடம் விதை வாங்குவதற்கும் நான் தயங்குவேன்.

பச்சையத்தின் நடுவில் மக்னீசியமும் அதைச் சுற்றித் தழைச்சத்தும் இருப்பதால், மஞ்சளைக் கண்டதும் யூரியாவை நினைப்பது இயல்பே. ஆனால் தழைச்சத்துக் குறைந்தால் பயிர் முழுவதும் வெளுக்கும். உங்களுக்கோ மேலே கரும்பச்சை, கீழே மஞ்சள். நெருக்கத்தால் நிழல் விழுந்து, ஈட்டுவதைவிடச் சுவாசத்தில் செலவழிப்பதே மிகுதியாகிவிட்ட அடி இலைகளிலிருந்து சத்தை மேல் இலைகள் இழுத்துக்கொள்கின்றன. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 23 கிலோ தழைச்சத்து உண்டு. பவ்சான் போன்ற உயரமான ரகத்திற்கு, அதுவும் மேகமூட்டத்தில், இந்தப் பருவத்தில் அதுவே மிகுதி. இன்னும் இட்டால் இலை பெருத்து நிழல் கூடும், இலையுறைக் கருகல் நோய் ஏறும், கடைசியில் பயிர் சாயும்.

இடைவெளியும் ஓர் இடுபொருள் என்பதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன். காசில்லாமல் கிடைப்பதாலேயே அதை எவரும் மதிப்பதில்லை. அடுத்த பட்டத்தில் எட்டு முதல் ஒன்பது அங்குலம் விட்டு வரிசையாக நடுங்கள். உச்சி வெயிலில் வரிசைக்குள் குனிந்து பார்த்தால் தண்ணீரின் மேல் வெளிச்சப் புள்ளிகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது நெருக்கம்தான். வரப்பு மரங்களின் கிளைகளை இப்போதே வெட்டிவிடலாம்.

மேகத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பவ்சான் பகல் குறைந்த பிறகே பூக்கும் ரகம். மணிக்குள் சேரும் மாவில் பெரும்பகுதி பூத்த பிறகு ஆகும் ஒளிச்சேர்க்கையிலிருந்தே வருகிறது. அந்த நேரத்தில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அதுவரை கொடி இலை, அதாவது கதிரை ஒட்டிய உச்சி இலை, நோயின்றி நிமிர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்த்தண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே வெண்ணிறக் கதிர்முனை தெரியும் நாளில், இலையின் பச்சை எவ்வளவு என்று காட்டும் இலை வண்ண அட்டையோடு மேல் இலையை ஒப்பிடுங்கள். வெளுத்திருந்தால் மட்டும் ஏக்கருக்குக் கால் மூட்டை யூரியாவை, நீரை வடித்துவிட்டு இடுங்கள். இல்லையேல் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.