வாசகர் கேள்வி – பதில்: கோயம்பேட்டுக்கு எந்நேரம் போவது?

கேள்வி: ஆனி மாதத்தில் குடும்பத்தோடு இரண்டு நாள் சென்னைக்கு வருகிறோம். கடற்கரையும் அருங்காட்சியகமும் முன்பே பார்த்தாயிற்று. இம்முறை கோயம்பேட்டுச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். எப்போது, எப்படிச் செல்வது நல்லது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் எந்த நேரத்தில் போய் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் சந்தையே வேறாகிவிடும். நள்ளிரவையொட்டிச் சென்றால் அது லாரிகளின் சந்தை. நாசிக் வெங்காயமும், மதனப்பள்ளி, கோலார் பக்கத்துத் தக்காளியும், நீலகிரி கேரட்டும், ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காயும் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும். மூட்டை சுமப்பவர்களின் ஓட்டத்துக்கு நடுவே வேடிக்கை பார்ப்பவருக்கு நிற்க இடம் கிடைக்காது. அதன்பின் விடியும்வரை மொத்த வியாபாரம். நகரத்தின் தெருக்கடைக்காரர்களும் உணவகங்களுக்குக் கொள்முதல் செய்பவர்களும் அப்போது வந்து, வேண்டியதை ஏற்றிக்கொண்டு, தங்கள் கடை திறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். வெளிச்சம் வந்தபிறகே வீட்டுக்கு வாங்குபவர்களின் கூட்டம் தொடங்கும். குடும்பத்தோடு வருபவர்கள் ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தேர்ந்துகொண்டால், மொத்த வியாபாரத்தின் கடைசிப் பகுதியையும் சில்லறை வியாபாரத்தின் தொடக்கத்தையும் ஒருசேரப் பார்த்துவிடலாம். பத்து மணிக்கு மேல் சென்று, வாடிய கீரையையும் மிதிபட்ட முட்டைக்கோஸ் இலைகளையும் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா கோயம்பேடு’ என்று கேட்பவர்கள்மீது எனக்கு அனுதாபம் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் முதலில் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். மொட்டாக வந்த மல்லிகை வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும் என்பதால் அங்கே எல்லாமே விரைவாக நடக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாளானால் கூட்டமும் விலையும் ஒன்றாக ஏறியிருக்கும். அடுத்து கனி அங்காடி. ஆனி மாதம் மாம்பழப் பருவத்தின் பின்பகுதி என்றாலும் கடைகளில் மாம்பழம் இருக்கும். காய்கறிப் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வளாகம் 295 ஏக்கர். கடைகளோ மூவாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றையும் சுற்றிவர நினைக்க வேண்டாம்.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தென்மாவட்டப் பேருந்தில் வந்து விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, அப்படியே சந்தைக்குள் நடந்த காலம் முடிந்துவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபின், உங்கள் பக்கத்து அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்தே இயங்குகின்றன. ரயிலில் எழும்பூர் வந்து இறங்குபவர்களுக்கு வழி எளிது: எழும்பூர் மெட்ரோ நிலையத்திலிருந்து பச்சை வழித்தடத்தில் வண்டி மாறாமல் கோயம்பேடு வரலாம். தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால், வழுக்காத பழைய செருப்பும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடையும் போதும். புதுப் பட்டுப்பாவாடையைச் சின்னக் குழந்தைகளுக்கு அன்று அணிவிக்காதீர்கள்.

கேள்வி: மொத்த விற்பனைக் கடையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ கேட்டால் கொடுப்பார்களா? பேரம் பேசலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மண்டியில் கேட்காதீர்கள். மூட்டையாகவும் பெட்டியாகவும் தாராகவும் கைமாறும் இடத்தில் ஒரு கிலோவுக்காகத் தராசைத் தேடுவது அவருக்கும் நேரக்கேடு, உங்கள் பின்னால் நிற்பவருக்கும் நேரக்கேடு. அதே வளாகத்தில் சில்லறைக் கடைகளும், நடைபாதையில் கூறுகட்டி விற்கும் பெண்களும் இருக்கிறார்கள். கூறாக வாங்கும்போது பேரம் என்பது பெரும்பாலும் விலையைக் குறைப்பதல்ல, இன்னும் இரண்டு காயைச் சேர்த்துப் போடச் சொல்வதுதான். ‘அக்கா, ரெண்டு சேத்துப் போடுங்க’ என்று முகமலர்ச்சியோடு கேட்டால் மறுப்பவர் குறைவு. கொசுறாகக் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஆனால் கடைதிறந்து முதல் போணியாகும் நேரத்தில் விலை கேட்டு, நீட்டி முழக்கிப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்வதைப் பல வியாபாரிகள் விரும்புவதில்லை. அவர்களுடைய அந்த நம்பிக்கையில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு. விருந்தாளியாகச் சென்ற இடத்தில் அதை மதிப்பதால் நமக்கு இழப்பில்லை.

ஊர் திரும்ப வேண்டியவர்கள் பூண்டு, சின்ன வெங்காயம், எலுமிச்சை, நன்றாக முற்றிய காய்வெட்டான மாங்காய் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தக்காளியை விலை மலிவு என்று ஐந்து கிலோ வாங்கி ரயிலில் ஏற்றினால் இறங்குவதற்குள் பாதி குழம்பாகிவிடும். பையை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

கேள்வி: சந்தைக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா?
– வாசகர், கோவை

பதில்: கைபேசியில் எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறார்கள், பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ஆயினும் ஒருவரின் முகத்தை எடுக்குமுன் கேட்டுவிடுங்கள், ‘வேண்டாம்’ என்றால் நகர்ந்துவிடுங்கள். இதைவிட முக்கியமானது, நடைபாதையின் நடுவில் நிற்காமல் இருப்பது. தலையில் ஐம்பது கிலோ மூட்டையோடு வருபவரால் சட்டென்று நிற்கவும் முடியாது, குனிந்து உங்களைப் பார்க்கவும் முடியாது. ‘வழி, வழி’ என்ற குரல் கேட்டால், எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் ஏதேனும் ஒரு கடையின் ஓரம் ஒதுங்குங்கள். மலைபோல் குவித்த பூசணிமேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பிறர் உண்ணப்போகும் பொருள்.

கேள்வி: நான் சிறுவயதில் அப்பாவோடு கொத்தவால்சாவடிக்குச் சென்றிருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் பேரனுக்கு அதைக் காட்ட விரும்புகிறேன். அங்கே இப்போது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் நினைவிலுள்ள காய்கறிச் சந்தை அங்கே இல்லை. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் லாரிகள் திணறியதால், 1996இல் மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்தது. நெரிசலைத் தீர்க்க அது தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் சுற்றிப் பார்க்க வருபவருக்குப் பழைய பேட்டைதான் சுவையானது என்பது என் கருத்து. கோயம்பேடு திட்டம் போட்டுக் கட்டிய வளாகம், அதுவோ தெருத்தெருவாகத் தானே வளர்ந்த சந்தை.

கன்னிகா பரமேசுவரி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் சரக்கு வியாபாரம் நடக்கிறது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகையும் உலர்பழங்களும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துச் சரக்குகளும் கிடைக்கும். திப்பிலியும் அதிமதுரமும் சுக்கும் சாக்குகளில் திறந்து வைத்திருப்பதைப் பேரனுக்குக் காட்டி, ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டு வாருங்கள். கடைக்காரருக்கு ஓய்வு இருந்தால் அவரே சொல்லித் தருவார். இங்கே விடியற்காலையில் போவதில் பயனில்லை, கடைகள் திறந்தபின் முற்பகலில் செல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். காரை மட்டும் எடுத்து வராதீர்கள்.

கேள்வி: சந்தைக்குள் சாப்பிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: சுமைதூக்குபவர்கள் நிற்கும் கடையில் கண்முன்னே ஆவி பறக்க எடுக்கும் இட்லியையும் கொதிக்கும் தேநீரையும் நம்பிச் சாப்பிடலாம். வெட்டி வைத்த பழத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு காசிமேட்டு மீன்சந்தைக்கும் போகலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: போகலாம், ஆனால் மாதம் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அந்நாட்களில் ஃபைபர் படகுகளில் வரும் மீன் மட்டுமே இருக்கும். வரத்துக் குறைவு, விலை அதிகம். தடை முடிந்து படகுகள் திரும்பியபின் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கடம்பா, இறால் எல்லாம் வரும். ஞாயிற்றுக்கிழமை நகரமே அங்கு திரண்டுவிடும் என்பதால், சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் வாரநாளில் வருவது நல்லது. ஏலம் நடக்கும் இடத்தில் எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். மீன் வாங்குவதாக இருந்தால் செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அங்கேயே கூலி கொடுத்து வெட்டிச் சுத்தம் செய்துகொண்டு, தங்கும் இடத்தில் சமைக்க வசதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.