பிள்ளை மடுவத்துக்கு உதவி கேட்கக் காசு கொடுத்து சர்வே எடுக்க வேண்டுமா?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெற்றோர் குழுவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எங்கள் பிள்ளை மடுவத்துக்கு (தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இன்னொரு உத்தியோகத்தரும் தண்ணீர் வசதியும் வேண்டும். தரவு இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், சர்வே எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வீடு காசு கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய தரவு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மடுவத்தில் நிறைப் பதிவு, தாய்மார் கையில் கிளினிக் கொப்பி, மிட்வைஃபிடம் அவருடைய பதிவேடு. வருகிறவர் இவற்றைப் பார்த்து எழுதி உங்களுக்கே விற்பார். அது காசோடு முடிந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, படம், தாயின் அடையாள அட்டை இலக்கம் என்று எல்லாம் அவர் பையில் போகும். பிறகு அவை எந்த நிதி விண்ணப்பத்தில் ஒட்டப்படும் என்று யாருக்குத் தெரியும்? பெயர்ப் பட்டியலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். உங்கள் கோரிக்கைக்கு எத்தனை பிள்ளைகள் என்ற தொகை போதும்.

அந்தத் தொகையைச் சரியாக எடுங்கள். மடுவத்துக்கு வரும் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் நிலைமை நன்றாக இருப்பதுபோல் தெரியும். பாட்டியிடம் லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விடப்படும் பிள்ளையும், தாய் வெளிநாடு போன பிள்ளையும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் உதவி முதலில் தேவை. ஒவ்வொரு லயமாகப் போய் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோரையும் எண்ணுங்கள். கிளினிக் கொப்பியின் நிறை வரைபடத்தில் கோடு பச்சைப் பகுதிக்குக் கீழே இறங்கியவர்கள் எத்தனை, மடுவத்துக்கு வராதவர்கள் எத்தனை என்று எழுதுங்கள். 25 பிள்ளைகளை வீதமாக்க வேண்டாம், "25 பேரில் 8 பேர்" என்றே எழுதுங்கள்.

நிறையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வயிற்றோட்டத்தில் இறங்கிய நிறை ஒரு மாதத்தில் ஏறிவிடக்கூடும். வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றால் அது நெடுநாள் குறை, பல பிள்ளைகளுக்குத் தாயின் வயிற்றிலேயே தொடங்கியது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 17 பேர் இப்படி. தோட்டத்துறையில் 32 பேர்.

அந்தத் 'தோட்டத்துறை' உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். புள்ளிவிபரக் கணக்கில் தோட்டம் என்றால் 20 ஏக்கருக்குக் குறையாத நிலம், அதில் குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்க வேண்டும். நிலம் துண்டுதுண்டாக விற்கப்பட்ட இடங்களிலும், கம்பனி கைவிட்ட டிவிசன்களிலும் (தோட்டத்தின் பிரிவுகள்) மக்கள் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள், ஆனால் கணக்கில் கிராமத்துக்குள் போய்விடக்கூடும். அப்படிப் போனால் தோட்டத்துக்கான திட்டத்திலும் பெயர் இருக்காது, கிராமத்துச் சராசரிக்குள்ளும் உங்கள் பிள்ளைகள் மறைந்துவிடுவார்கள். அதனால் கடிதத்தில் டிவிசன் பெயரையும் கிராம சேவகர் பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரே கடிதத்தை சுகாதார வைத்திய அதிகாரிக்கும், பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும், தோட்டத் துரைக்கும் (முகாமையாளர்) ஒரே நாளில் கொடுத்து, திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தனித்தனியாகப் போனால் தோட்டம் செயலகத்தைக் காட்டும், செயலகம் தோட்டத்தைக் காட்டும். பிள்ளைகள் இதற்கிடையில் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிடுகிறார்கள், இவர்கள் இன்னும் யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், அதற்கு இடம் கொடுத்து 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதைச் சொல்லுங்கள்.

அப்புறம், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் நிறை, உயரம் குறைந்த பிள்ளைகளின் தொகையை மிட்வைஃப் பிரிவு வாரியாகக் கேளுங்கள். முழுப் பிரதேசத்தின் சராசரியைத் தந்தால் அதோடு திரும்பிவிட வேண்டாம், அதில் டவுன் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதை எழுதித் தருகிறேன் என்று காசு கேட்டும் ஒருவர் வரலாம், அவரையும் அனுப்பிவிடுங்கள்.