நீலமாக வாங்கிய ஹைட்ரேஞ்சியா எங்கள் வீட்டில் ரோஸ் நிறத்தில் பூக்கிறதே, ஏன்?

கேட்டவர் பண்டாரவளையில் இருக்கிறார். ஹக்கல தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாற்றுமேடையில் நீலப் பூவோடு செடி வாங்கியிருக்கிறார். புதிதாகக் கட்டிய மதிலோரம் நட்டார். அடுத்த தடவை பூத்தது ரோஸ் நிறம். "செடியை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?" என்பது கேள்வி.

இல்லை, யாரும் ஏமாற்றவில்லை. செடி அதேதான், மண்தான் வேறு. நுவரெலியாப் பக்கம் செடி வளர்த்து விற்கிற வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும்.

ஹைட்ரேஞ்சியாவில் நீலத்துக்கென்று தனிச் சாயம் கிடையாது. ரோஸிலும் நீலத்திலும் இருப்பது ஒரே நிறமிதான். அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் எல்லா மண்ணிலும் இருக்கிறது. ஆனால் மண் அமிலமாக இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் அமிலத்தைக் காட்டும் எண்தான் பிஎச், எண் குறையக் குறைய அமிலம் கூடும். பிஎச் 5.5க்குக் கீழே இருந்தால் பூ நீலம், 6.5ஐத் தாண்டினால் ரோஸ். நடுவில் இருந்தால் ஊதா. வெள்ளைப் பூ வகை மட்டும் எந்த மண்ணில் வைத்தாலும் நீலமாகாது.

மலையகத்தில் பெய்கிற மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் நம் மண் இயல்பாகவே அமில மண். தேயிலைக்குப் பிடித்ததும் இதே மண்தான், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. தேயிலையும் அலுமினியத்தை உறிஞ்சி முற்றின இலைகளில் சேர்த்து வைக்கிற செடி. தோட்டத்து பங்களா முற்றங்களில் ஹைட்ரேஞ்சியா அத்தனை நீலமாக நிற்பது இதனால்தான். எந்தச் செடிக்கு எந்த மலையும் மண்ணும் ஒத்துவரும் என்று நட்டுப் பார்ப்பது இங்கே பழைய வேலை. ஹக்கல பூங்காவே 1861இல் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் தொடங்கப்பட்டது.

சரி, உங்கள் மதிலுக்கு வருவோம். சீமெந்திலும் சாந்திலும் சுண்ணாம்பு உண்டு. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மதிலடி மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிடும். ஒரே செடியில் மதில் பக்கக் கிளையில் ரோஸும் முற்றத்துப் பக்கம் நீலமும் பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகு! அந்த வேர்கள் எங்கே போயிருக்கின்றன என்பதைப் பூவே காட்டிக் கொடுத்துவிடும். மதில் இல்லாவிட்டாலும், முன்பு மரக்கறிப் பாத்தியாக இருந்த இடமென்றால் இதே கதைதான். டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போட்டிருப்பார்கள், அது அமிலத்தைக் குறைக்கும். கோழி எருவும் கொட்டியிருப்பார்கள், அதிலுள்ள பொசுபரசு அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீலம்தான் வேண்டுமென்றால் செடியை மதிலிலிருந்து தள்ளி நடுங்கள். இல்லாவிட்டால் பெரிய சாடியில் வையுங்கள். மண்ணைக் கட்டுக்குள் வைக்க அதுதான் சுலபம். அலுமினியம் சல்பேட் ஒரு மேசைக்கரண்டியை 4 லீற்றர் தண்ணீரில் கரைத்து, முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு அடியில் ஊற்றுங்கள். அளவைக் கூட்டாதீர்கள், வேர் கருகிவிடும். மொட்டு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். விரிந்த பூ நீலமாக மாறாது. நிறம் முழுதாகத் திரும்ப அடுத்த பருவம்கூட ஆகலாம். பொசுபரசு அதிகமுள்ள பசளையை இந்தச் செடிக்குப் போடவே வேண்டாம்.

அப்புறம், பூவைக் கிட்டத்தில் பாருங்கள். நாம் இதழ் என்று நினைப்பவை இதழ்கள் அல்ல, புல்லிகள், அதாவது மற்றப் பூக்களில் மொட்டை வெளியே மூடியிருக்கும் பச்சைப் பகுதிகள். நிஜ இதழ்கள் நடுவில் சிறு பொட்டாக இருக்கும். புல்லிகள் என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கின்றன.

கவ்வாத்து விஷயத்தில் மட்டும் தேயிலையை நினைத்து வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலான வகைகள் பழைய கிளையில் உண்டாகும் மொட்டிலிருந்துதான் பூக்கும். அடியோடு வெட்டினால் அந்த முறை பூவே இருக்காது. வாடிய பூங்கொத்தை மட்டும் அதன் கீழுள்ள முதல் நல்ல மொட்டுச் சோடிக்கு மேலே வெட்டிவிடுங்கள்.