கேள்வி பதில்: பிலடெல்பியா கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம்

அமெரிக்கப் பத்திரிகை வரலாறு கற்பிக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பிலடெல்பியா கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

இதழியல் மாணவி, திருச்சி: பத்திரிகையாளர்களுக்குத்தான் தொழிற்சங்கம் இருக்கிறதே, தனியாக இன்னொரு சங்கம் எதற்கு?

தொழிற்சங்கம் சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் போராடும். எந்தச் செய்தி முதல் பக்கத்துக்குப் போகும், அதை முடிவு செய்வது யார் என்பதில் அது பெரும்பாலும் தலையிடாது. சிக்கலே அங்கேதான் இருந்தது. 1967-ல் அமெரிக்க நகரங்களில் கலவரம் வெடித்த பிறகு ஜனாதிபதி ஜான்சன் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். கெர்னர் குழு என்பார்கள். 1968-ல் வந்த அதன் அறிக்கையில் ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. செய்திப் பணியில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியர் பொறுப்பில் 1 சதவீதம்கூட இல்லை என்றது அது. அந்தக் காலத்தில் பிலடெல்பியாவில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்கள் தெருவில் நடப்பதைப் பெரிய பத்திரிகைகளில் பெரும்பாலும் வெளியாட்களே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சென்னை வாசகர்: தேசிய அளவில் ஒரு சங்கம் இருக்கும்போது ஊருக்கு ஊர் ஏன்?

பிலடெல்பியாவைப் பொறுத்தவரை ஊர்ச் சங்கம்தான் மூத்தது. சக் ஸ்டோன், ஏசல் மோர், கிளாட் லூயிஸ் உள்ளிட்டோர் 1973-ல் தொடங்கினார்கள். 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடித் தேசியச் சங்கத்தை உருவாக்கினார்கள். அதன் முதல் தலைவரும் சக் ஸ்டோன்தான். என்னைக் கேட்டால் ஊர்ச் சங்கத்துக்கே அதிக மதிப்புத் தருவேன். நீங்கள் எழுதியதை ஆசிரியர் வெட்டித் தள்ளிய அன்று மாலையே உட்கார்ந்து பேச, அந்த அலுவலகத்தையும் அந்த ஊரையும் அறிந்த ஒரு மூத்தவர் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மாநாட்டில் அது கிடைக்காது.

ஒரு நிருபர்: சக் ஸ்டோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கறுப்பின வீரர்களுக்கென்றே இருந்த டஸ்கீகி விமானப் படைப் பிரிவில் பயிற்சி பெற்றவர். 1972 முதல் ‘பிலடெல்பியா டெய்லி நியூஸ்’ பத்திரிகையில் பத்தி எழுதினார். ஃபிராங்க் ரிஸ்ஸோ மேயராக இருந்த காலம் அது. போலீஸ் அடிக்கு ஊரே பயந்தது. அதனால், தேடப்பட்டவர்கள் காவல் நிலையத்துக்குப் போகாமல் நேராக இவரிடம் வந்தார்கள். ‘நீங்கள் கூட வந்தால் சரணடைகிறேன்’ என்பதுதான் அவர்கள் கேட்டது. இப்படி இவர் மூலம் சரணடைந்தவர்கள் 75 பேருக்கு மேல். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் அதில் உண்டு. 1981-ல் கிரேட்டர்ஃபோர்டு சிறையில் கைதிகள் சிலரைப் பணயமாகப் பிடித்து வைத்தபோதும் பேச்சுவார்த்தைக்கு இவரைத்தான் கூப்பிட்டார்கள். போலீஸை நம்பாத மக்கள் ஒரு பத்திரிகைக்காரரை நம்பினார்கள். அந்த நம்பிக்கை கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியதால் வந்தது.

கல்லூரி ஆசிரியர், கோவை: மாணவர்களுக்கு என்ன செய்கிறார்கள்?

பயிற்சிப் பட்டறை, உதவித்தொகை, வழிகாட்டி என்று பல உண்டு. பள்ளி மாணவர்களுக்கான பட்டறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் செய்தி சேகரித்து எழுதுகிறார்கள். வேலையில் இருக்கும் பத்திரிகையாளர்களே திருத்திக் கொடுக்கிறார்கள். கல்லூரி முடித்த பிறகு ஆள் தேடினால் தாமதமாகிவிடும் என்பது ஏசல் மோருக்குத் தெரியும். அவரே 1962-ல் பிலடெல்பியாவின் ‘இன்குயரர்’ பத்திரிகையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். 1968-ல்தான் நிருபரானார். ஃபேர்வியூ அரசு மனநல மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை வெளிக்கொண்டு வந்ததற்காக 1977-ல் சக நிருபர் வெண்டல் ரால்ஸுடன், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காகிதம் தூக்கிக்கொண்டு நடந்த அந்த ஆறு ஆண்டுகளை அடுத்த தலைமுறைக்கு மிச்சப்படுத்தத்தான் பாடுபட்டார்.

மதுரை வாசகர்: இப்படிச் சங்கத்தில் சேர்ந்தால் நடுநிலை கெடாதா?

வெள்ளையர் மட்டுமே நிரம்பியிருந்த செய்தி அறையை நோக்கி இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஒரு தெருவை அறிந்திருப்பது நிருபருக்குப் பலம். நடுநிலை என்பது விவரத்தைச் சரிபார்ப்பதிலும் எதிர்த்தரப்பைக் கேட்பதிலும்தான் இருக்கிறது.

அதே வாசகர்: இன்றும் தேவைப்படுகிறதா?

தேவைதான். செய்தி அறைகள் நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாக மாற வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் 1978-ல் தாங்களே 2000-ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்தார்கள். கெடு வந்தது, இலக்கு எட்டவில்லை. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதற்கு எதிரான போராட்டத்தின்போது, ‘கட்டடங்களும் முக்கியம்’ என்று ‘இன்குயரர்’ ஒரு தலைப்புப் போட்டது. கறுப்பின உயிர்களும் முக்கியம் என்ற முழக்கத்தின் மீதே அது கை வைத்தது. கறுப்பின ஊழியர்களும் பிற சிறுபான்மை ஊழியர்களும் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். தலைமை ஆசிரியர் பதவி விலகினார். அந்தத் தலைப்பு அச்சுக்குப் போகும் முன் ‘இது வேண்டாம்’ என்று சொல்லவும், அந்தச் சொல்லை ஏற்க வைக்கவும் அதிகாரமுள்ள ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஒரு தாய், நியூ ஜெர்சி: நாங்கள் தமிழர்கள். இதழியல் படிக்கும் என் மகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆசிய அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு 1981-லும், தெற்காசியர்களுக்கு 1994-லும் சங்கங்கள் வந்தன. அதே 1994-ல் கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிக், பூர்வகுடிப் பத்திரிகையாளர் சங்கங்கள் நான்கும் அட்லாண்டாவில் சேர்ந்து மாநாடு நடத்தின. முதலில் கல்லூரியில் மாணவர் கிளை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், தான் எழுதிய இரண்டு மூன்று செய்திகளை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போகட்டும்.