தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கே: (சென்னையிலிருந்து ஒரு குடும்பம்) டிசம்பர் கடைசியில் வருகிறோம். பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? சுறா பயம் உண்டா?

ப: தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு நடுவில் மட்டும், அவர்கள் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும். இங்கே ஆளை அள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் சுறா இல்லை, இழுவை நீரோட்டம். டர்பனில் சுறா வலை 1952 முதல் இருக்கிறது. அது கரையை அடைத்துக் கட்டிய வேலி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 200 மீட்டர் சொச்சம் நீளம், 6 மீட்டர் ஆழம் என்று துண்டு துண்டாகப் போட்டிருப்பார்கள், சுறா அதைச் சுற்றியும் வரலாம், அடியிலும் வரலாம். கரையோரம் திரியும் சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வலையின் வேலை. பெருமழை பெய்தால் ஓரிரு நாள் கடலில் இறங்காதீர்கள், ஆற்றோடு கழிவுநீரும் வந்து சேரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சில கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. புத்தாண்டு நாளில் நகராட்சி ஆட்கள் பிள்ளைகள் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுவார்கள். மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் பிள்ளை ஒரு நொடியில் காணாமல் போகும்.

கே: (கோவை) விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

ப: அதைத் தூதரகத்திடம் கேளுங்கள்.

கே: (சிங்கப்பூர்) டர்பனின் பன்னி சௌ (bunny chow) எப்படிச் சாப்பிடுவது? எங்கே நல்லது?

ப: இதற்காகவே ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். முழு ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுவில் குடைந்து, குழம்பை ஊற்றித் தருவார்கள். குடைந்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக இருக்கும், அதிலிருந்து பிய்த்துத் தொட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். கடையில் 'குவாட்டர் மட்டன்' என்றால் கால் ரொட்டியில் ஆட்டுக்கறி, ஒருவருக்கு அது தாராளம். கூடவே கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் கலந்த சம்பல் வரும். குழம்பில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள், காரத்தையும் சாற்றையும் உறிஞ்சி வைத்திருப்பது அந்தக் கிழங்குதான். சைவர்கள் பீன்ஸ் பன்னி கேளுங்கள், அது ஏதோ மாற்று ஏற்பாடு இல்லை, பழைய கடைகளில் முதலிலிருந்தே இருந்த வகை. பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போது டாக்டர் யூசுப் டாடூ தெரு, பகலில் போங்கள். ஜும்மா மசூதி, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டின் மசாலாக் கடைகள், எல்லாம் நடக்கும் தூரம். கைப்பேசியை மட்டும் கையில் நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

கே: (ஜொகன்னஸ்பர்க்) எங்கள் ஊர் கோட்டாவும் இதேதானே அண்ணா? எதற்கு இவ்வளவு பெருமை?

ப: இதேதான் இல்லை தம்பி. கோட்டாவில் ரொட்டிக்குள் சிப்ஸ், பொலோனி (ஒருவகை இறைச்சித் துண்டு), அச்சார் (ஊறுகாய்), சீஸ் என்று அடுக்குவார்கள். நல்ல சாப்பாடு, நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அதில் குழம்பு இல்லை, குழம்பு ஊறாத ரொட்டியை எப்படிப் பன்னி என்று சொல்வது?

கே: (அவரே) கோட்டா உழைக்கிற சனத்தின் சாப்பாடு. பன்னி உணவக மெனுவில் ஏறிவிட்டது.

ப: பன்னி யாருக்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களை உள்ளே உட்கார வைக்க முடியாத கடைகள், பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தட்டும் கரண்டியும் இல்லாமல் கொடுத்த சாப்பாடு இது என்றுதான் இங்கே பலரும் சொல்வார்கள். கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் ஆட்களுக்காக வந்தது, கரும்புத் தோட்டத்துக்கு எடுத்துப் போனது என்றும் கதைகள் உண்டு. எது சரியாக இருந்தாலும் உழைத்தவன் கையில்தான் முதலில் இருந்தது.

கே: (டர்பன், ஓர் அக்கா) முள்கரண்டியால் சாப்பிட்டால் என்ன தவறு? உடுப்பு நாசமாகிறது.

ப: அக்கா, நீங்களுமா! டர்பனில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? கையால்தான். முள்கரண்டி குத்தினால் சுவர் உடைந்து குழம்பு ஒழுகிவிடும். வெளிர் நிற உடுப்பைத் தவிர்த்துவிடுங்கள், முடிந்தது. இதோடு பன்னி வழக்கை நிறுத்துவோம், இன்னும் பத்துப் பேர் வரிசையில் இருக்கிறார்கள்.

கே: (மதுரை) இரவில் எங்கே போகலாம்? பாதுகாப்பா?

ப: மார்னிங்சைடில் ஃப்ளோரிடா ரோடு. பழைய வீடுகளை உணவகமாகவும் மதுக்கூடமாகவும் மாற்றிய தெரு, வெள்ளி, சனியில் களைகட்டும். அமைதியாக, கடலைப் பார்த்துச் சாப்பிட வேண்டுமென்றால் உம்ஷ்லாங்கா. வாசலிலிருந்து வாசலுக்கு ஊபர் அல்லது போல்ட் வாடகை வண்டி. இருநூறு மீட்டர்தானே என்று நடக்காதீர்கள்.

கே: (பெங்களூர்) இருட்டிய பிறகு கடற்கரையில் நடக்கலாமா?

ப: வேண்டாம். மேலே சொன்னதுதான்.

கே: (துபாய்) நாங்கள் நான்கு ஆண்கள், இரவில் நடந்தால்...

ப: நான்கு பேர் என்றால் நான்கு கைப்பேசி. வண்டி கூப்பிடுங்கள். நடக்க ஆசையென்றால் அதிகாலையில் நடங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்குள் விடிந்துவிடும், உஷாக்கா கடல் பூங்காவிலிருந்து ப்ளூ லகூன் வரை ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் என்று நடைபாதையே நிரம்பியிருக்கும்.

கே: (திருச்சி) கோயில்கள்? நம் ஆட்களின் வரலாறு தெரிய எங்கே போவது?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு. முதலில் அந்த வரலாற்றைச் சொல்லும் 1860 ஹெரிடேஜ் சென்டர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அப்புறம் மவுண்ட் எட்ஜ்கோம் சுப்பிரமணியர் கோயில், சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களோடு வளர்ந்தது. ஈஸ்டர் சமயம் வந்தால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவைத் தவறவிடாதீர்கள், அன்று வருகிற பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் கும்பிடும் முறையை விட்டதில்லை. அவர்களிடம் 'தமிழ் ஏன் பேசவில்லை' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம்தான், தமிழைத் தங்கள் செலவில் மாலை வகுப்பு வைத்துக் காப்பாற்றினார்கள். இனாண்டாவில் காந்தி 1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பும் 1994இல் மண்டேலா வாக்களித்த ஒலாங்கே பள்ளியும் பக்கத்துப் பக்கம், ஊர் தெரிந்த வழிகாட்டியோடு ஒரே காலையில் இரண்டையும் பார்க்கலாம்.

கே: (சேலம்) எந்த மாதம் நல்லது?

ப: ஜூனிலிருந்து ஆகஸ்ட். மழை குறைவு, புழுக்கம் இல்லை, கடலும் ரொம்பக் குளிராது. மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் காலமும் அதுதான். அந்த நாட்களில் சுறா வலையை எடுத்துவிட்டுக் குளிப்பதற்குத் தடை போடுவார்கள், தடை என்றால் முழங்கால் அளவுத் தண்ணீரும் வேண்டாம்.