கருந்துளை உறிஞ்சுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கருந்துளை பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் பயக் கேள்விகள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: சார், சூரியன் ஒருநாள் கருந்துளையாகி நம்மை விழுங்கிவிடுமா? மகன் தூங்க மாட்டேன் என்கிறான்.

ஆகாதும்மா. அதற்குத் தேவையான நிறை சூரியனுக்கு இல்லை. சுமார் 500 கோடி ஆண்டு கழித்து ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதறிவிட்டு, வெண்குறுமீனாக, அதாவது எரிந்து முடிந்த சின்ன, அடர்ந்த மிச்சமாக, அடங்கிவிடும். (ஊதும்போது பூமி கருகிவிடும். அதைத் தம்பியிடம் இப்போது சொல்ல வேண்டாம்.)

ஒரு பேச்சுக்கு, இந்த நொடியே சூரியன் இருந்த இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். நிறையும் தூரமும் மாறவில்லையே! குளிரில் விறைத்துச் சாவோம், அது வேறு. கருந்துளை எதையும் தேடிப்போய் உறிஞ்சுவதில்லை. மிக நெருங்கிப் போனால்தான் வம்பு.

உயர்நிலை 4 மாணவி: 1.4 சூரிய நிறையைத் தாண்டினால் கருந்துளை என்று படித்தேன், சரியா?

பாதி சரி. அது சந்திரசேகர் எல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போட்ட கணக்கு அது. வெண்குறுமீன் அதற்கு மேல் தன் பாரத்தைத் தாங்காது என்பதுதான் அதன் பொருள், உடனே கருந்துளையாகிவிடும் என்பதல்ல. பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் 1935இல் அறிஞர்கள் கூடிய சபையிலேயே அதைக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

இனி உருவாகும் விதம். பெரிய விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன் என்று ஒவ்வொன்றாக எரிந்து, அதாவது அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தந்து, தீரும். ஹைட்ரஜன் தீரப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். கடைசியில் சிலிக்கன் இரும்பாக மாற ஏறக்குறைய ஒரே நாள் போதும்! இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் பூமியளவு மையம் ஒரு நொடிக்குள் இடிந்து விழும். மிஞ்சுவது இரண்டு, இரண்டரை சூரிய நிறைக்குள் இருந்தால் நியூட்ரான் விண்மீனாக, அதாவது பெரும்பாலும் நியூட்ரான்களே நெருக்கியடித்த உருண்டையாக, நின்றுவிடும். அதற்கும் மேல் போனால் கருந்துளைதான்.

தோ பாயோ வாசகர்: எவ்வளவு பெரிதாக இருக்கும் அண்ணே?

10 சூரிய நிறை என்றால், ஒளிகூடத் தப்ப முடியாத அதன் எல்லையின் விட்டம் சுமார் 60 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை வைத்தாலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: உள்ளே விழுந்தால்?

சின்னதுதான் ஆபத்து. காலுக்கும் தலைக்கும் ஈர்ப்பு வேறுபாடு அதிகம் என்பதால், அந்த எல்லையை எட்டும் முன்பே உடல் இழுபட்டுக் கிழிந்துவிடும். பல கோடி சூரிய நிறை கொண்டதில் எல்லையைத் தாண்டியதே தெரியாது. ஆனால் திரும்பி வர வழியில்லை.

பிடோக் வாசகர்: சிங்கப்பூரிலிருந்து பார்க்கலாமா?

கருந்துளையைப் பார்க்க முடியாது, இருக்கும் திசையைப் பார்க்கலாம். ஜூலையில் இரவு 11 மணி வாக்கில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போய்த் தெற்கே அண்ணாந்து பாருங்கள். சிவப்பாகத் தெரிவது கேட்டை விண்மீன். அதிலிருந்து இறங்கும் தேள் வடிவ விண்மீன் கூட்டத்தின் வால் நுனியில் மூலம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், மூலத்திலிருந்து ஏறக்குறைய அந்த அளவு மேலே, சற்று இடப்பக்கம்தான் நம் பால்வீதியின் மையம். அங்கே இருக்கும் கருந்துளைக்கு 43 லட்சம் சூரிய நிறை, சுமார் 27,000 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றி ஒரு விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை வலம் வருவதை வைத்தே நிறையைக் கணக்கிட்டார்கள். அதன் படம் 2022இல் வெளியானது. பூமியின் பல மூலைகளில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து எடுத்தது. அதனால் இதைப் பார்ப்பதற்கென்று தொலைநோக்கி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.