நோட்டீஸ் இருக்கட்டும், முதலில் அந்தப் படத்தை எடுங்கள்

கேள்வி: பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருவர் ஃபேஸ்புக்கில் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார். கர்நாடகாவின் ஹாசன் தொகுதி முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா மீதான பாலியல் வன்கொடுமை வீடியோ விவகாரத்தில், "இந்தப் பொம்பளைங்க இஷ்டப்பட்டுத்தானே போனாங்க" என்று எழுதி, வீடியோவில் இருந்த ஒரு பெண்ணின் முகத்தையும் போட்டிருந்தார். ஆத்திரத்தில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இவரும் அதே ரகம்தான், பெண்கள் ஜாக்கிரதை" என்று அவர் பெயரோடு என் பக்கத்தில் போட்டேன். இப்போது 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் மேல் நான் வழக்குப் போட முடியாதா?
- ஓசூர் வாசகி

பதில்: சகோதரி, நோட்டீஸை ஒரு தடவை படித்தேன். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் கண்களை வட்ட ஸ்டிக்கரால் மறைத்திருக்கிறீர்கள். ஆனால் மூக்கு, வாய், ஜாக்கெட்டின் நிறம் எல்லாம் அப்படியே தெரிகிறது. ஊர்க்காரர்களுக்கு இதுவே போதும். உங்களுக்கு உண்மையான ஆபத்து இதில்தான்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி எதை வெளியிட்டாலும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 72-வது பிரிவின்படி 2 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. நல்ல எண்ணத்தில் போட்டேன் என்பது இங்கே எடுபடாது. பெயரைச் சொல்லாவிட்டாலும், அடையாளம் தெரியவைக்கும் எந்தத் தகவலும் வரக்கூடாது என்று 2018-ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமூக வலைதளமும் அதில் அடக்கம். வீடியோவையே பகிர்ந்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பாயும். முதல் தடவைக்கே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். இந்த விவகாரத்தை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு 2024-லேயே இதை எச்சரித்தது.

"அவர் போட்டதைத்தானே நான் போட்டேன்" என்பீர்கள். நம்ம ஊர் உதாரணம் ஒன்று: 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய, வேறொருவர் எழுதிய பதிவை எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அழித்தார், மன்னிப்பும் கேட்டார். 2023-ல் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது, 2024-ல் 1 மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. நீங்கள் கண்டிக்கத்தான் பகிர்ந்தீர்கள், அது வேறு. ஆனால் முகம் முகம்தானே.

அதனால் இன்றே பதிவை எடுங்கள். எடுக்கும் முன் உங்கள் பதிவு, அவர் பதிவு இரண்டின் லிங்க், தேதி, நேரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். எனக்கு அனுப்பியதும் தப்புதான், மறைத்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.

சரி, அவதூறு. "இப்படி எழுதுவது கேவலம்" என்று போட்டிருந்தால் அது உங்கள் கருத்து, நோட்டீஸைச் சிரித்துவிட்டு மடித்து வைத்திருக்கலாம். "இவரும் அதே ரகம்தான்" என்பதோ ஒரு குற்றச்சாட்டு. அவர் யாரிடமாவது தப்பாக நடந்தார் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லையே. அவதூறுக்குச் சட்டத்தில் 2 வருஷம் வரை இருந்தாலும், அவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான் கொடுக்க முடியும், போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. 10 லட்சம் என்பது கேட்பவர் வாய்க்கு வந்த தொகை. சிவில் வழக்குப் போட்டு, பெயருக்கு என்ன நஷ்டம் என்று அவர் காட்டட்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து, மற்றதை மறுத்து, வக்கீல் மூலம் பதில் அனுப்பினால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

பிரஜ்வலைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் கூச வேண்டியதில்லை. ஒரு வழக்கில் 2025 ஆகஸ்டில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனையே கொடுத்திருக்கிறது. தீர்ப்பு வந்த வழக்கையும் வராத வழக்கையும் ஒன்றாகச் சேர்த்து எழுதாமல் இருந்தால் சரி.

அப்புறம், அவர் மேல் வழக்கு. "இஷ்டப்பட்டுப் போனாங்க" என்பது அருவருப்பான பேச்சு. பொதுவாகச் சொன்ன அந்தக் கருத்துக்காக நீங்கள் வழக்குப் போட்டால் நிற்காது. ஆனால் முகத்தைப் போட்டாரே, அங்கேதான் அவர் மாட்டுகிறார். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உங்கள் பதிவு எடுக்கப்பட்ட பிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் அதே புகார் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும்.

நோட்டீஸில் 15 நாள் கெடு இருக்கிறது. வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.